மார்ச் முப்பத்தொன்றுக்குள் வருவதாகச் சொன்ன அம்மா

ராமசுப்ரமணியனுக்கு எதற்கும் ஒரு தேதி வேண்டும்.

குழாய் ரிப்பேருக்கு வருகிற ஆள் "தேக் லேங்கே சாப்" என்று சொல்லிவிட்டு அவரிடமிருந்து நழுவ முடியாது. "பார்க்கலாம் கீர்க்கலாம் எல்லாம் வேண்டாம் பையா, தாரீக் பதாவோ" என்று வாசலை மறித்துக்கொண்டு நிற்பார். மத்திய அரசு அமைச்சகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசர். அம்பாசமுத்திரத்திலிருந்து இருபத்திரண்டு வயதில் பரீட்சை எழுதி தில்லிக்கு வந்தவர். இத்தனை வருஷத்தில் அவருடைய மேஜையில் தேதி போடாத காகிதம் ஒன்று கிடந்ததில்லை. ஆபீசில் அவருக்குப் பெயரே 'தாரீக் சாப்', தேதிக்காரர். அதைக் கேலி என்று அவர் எடுத்துக்கொண்டதே இல்லை.

கிட்வாய் நகரில் பதினோராவது மாடியில் அவருக்குக் குவார்ட்டர்ஸ். மனைவி அனந்தலக்ஷ்மி, பதினான்கு வயது மகன் அனிருத், எட்டு வயது மகள் ஸ்ம்ருதி. அந்த வீட்டுக்குத் தேதி போட்டவர் அவர் என்றால், உயிர் கொடுத்தவள் அனந்தலக்ஷ்மி. லிஃப்ட்டில் சந்தித்த மனிதர்களையெல்லாம் சாப்பாட்டு மேஜையில் நடித்துக் காட்டுவாள். குழந்தைகளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறும். யாருக்கும் எந்தக் கசப்பையும் வெல்லப்பாகில் தோய்த்துச் சொல்லத் தெரிந்தவள். மாடியில் இரண்டு குடும்பங்களுக்குள் சண்டை என்றால் அவளைத்தான் தூது அனுப்புவார்கள்.

போன செப்டம்பர் மாதத்தின் கடைசி நாள், சாயங்காலம், ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டு சாலையைக் கடந்தாள் அனந்தலக்ஷ்மி. எதிர்த்திசையில் தப்பான பக்கமாகப் பறந்து வந்த மோட்டார் சைக்கிள் ஒன்று அவளைத் தூக்கி எறிந்துவிட்டு நிற்காமல் போயிற்று. தலை நடுத்தடுப்பில் மோதியது. சாலை முழுவதும் வாழைக்காய்கள் உருண்டன.

பதினொரு நாள் அவள் கண் திறக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று ராமசுப்ரமணியன் வேண்டாத தெய்வம் இல்லை. வீட்டுக்குப் போனால் ஸ்ம்ருதி காலைக் கட்டிக்கொள்வாள். "அம்மா எப்போ வருவா?"

எப்போ. அவர் வாழ்நாளெல்லாம் மற்றவர்களைக் கேட்ட கேள்வி. அதைத் தன் குழந்தை தன்னிடமே கேட்கும்போது பதில் இல்லாமல் நிற்க அவரால் முடியவில்லை. மறுநாள் டாக்டரைப் பிடித்துக்கொண்டார். "பெரும்பாலும் முதல் ஆறு மாதத்தில்தான் முன்னேற்றம் அதிகமாகத் தெரியும்" என்றார் டாக்டர். அவ்வளவுதான் அவர் சொன்னது. ராமசுப்ரமணியன் விரல் விட்டுக் கணக்குப் போட்டார். செப்டம்பர் முப்பதிலிருந்து ஆறு மாதம்.

"மார்ச் முப்பத்தொண்ணு" என்றார் குழந்தையிடம். "அதுக்குள்ள அம்மா பழையபடி ஆயிடுவா."

"சச்சீ?"

"சத்தியமா."

எந்த அரசு ஊழியனும் செய்யக்கூடிய தவறுதான் அது. எல்லாக் காரியமும் நிதி வருஷக் கடைசிக்குள் முடிந்தாக வேண்டும் என்று இருபத்து நாலு வருஷம் உழைத்தவருக்கு, காயமும் அந்தத் தேதிக்குக் கட்டுப்படும் என்று தோன்றிவிட்டது.

நவம்பரில் அனந்தலக்ஷ்மி வீட்டுக்கு வந்தாள். நடந்தே வந்தாள். அதே முகம், அதே மூக்குத்தி. தையல் போட்ட இடத்தை மூடிக்கொண்டு முடிகூட வளரத் தொடங்கியிருந்தது. பக்கத்து வீட்டார் எல்லோரும் "பிழைச்சு வந்துட்டா, பகவான் காப்பாத்தினான்" என்றார்கள். குழந்தைகள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார்கள். அவள் இருவரையும் விலக்கிவிட்டு, "மெதுவாப் பேசுங்கோ. தலை பிளக்கறது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அந்த மேஜையில் யாரும் நடித்துக் காட்டவில்லை. குக்கர் விசில் அடித்தால் அவள் காதைப் பொத்திக்கொண்டாள். காலையில் சொன்னது மத்தியானம் மறந்துபோயிற்று. சிரிப்பு வர வேண்டிய இடத்தில் சிரிப்பு வரவில்லை. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று பார்த்துப் பார்த்துப் பேசியவளுக்கு இப்போது அந்தப் பார்வையே இல்லை. மனத்தில் வந்தது அப்படியே வாயில் வந்தது.

ஒரு நாள் லிஃப்ட்டில் எதிர்வீட்டு மிஸஸ் நேகி அன்பாக, "பாபிஜி, நான் அனுப்பின காஜர் அல்வா எப்படி இருந்தது?" என்று இந்தியில் கேட்டாள்.

"திகட்டித்து. நன்னாவே இல்லை. வேலைக்காரிகிட்டே கொடுத்துட்டோம்" என்றாள் அனந்தலக்ஷ்மி, சுத்தமான இந்தியில். "நீங்களும் ரொம்பக் குண்டாயிட்டேள். லிஃப்ட்டில் இடமே இல்லை பாருங்கோ."

மிஸஸ் நேகி ஒன்பதாவது மாடியிலேயே இறங்கிவிட்டாள். கூட நின்ற ஸ்ம்ருதிக்கு பூமி பிளந்து தன்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது. அன்றிலிருந்து அம்மா லிஃப்ட்டில் வந்தால் குழந்தை படியில் ஏறினாள். பதினொரு மாடி, முதுகில் புத்தகப் பையோடு. பள்ளியில் தோழி, "உன் மம்மி வந்துட்டாங்களாமே?" என்று கேட்டதற்கு ஸ்ம்ருதி சொன்ன பதில் பிறகுதான் வீட்டுக்குத் தெரிந்தது.

"அது அம்மா மாதிரி ஒருத்தி. என் அம்மா மார்ச்சுலதான் வருவா."

ராமசுப்ரமணியன் வாராவாரம் மனைவியை மறுவாழ்வுப் பயிற்சிக்கு அழைத்துப் போவார். பயிற்சி கொடுப்பவர் நாகர்கோவில்காரர், அருள்மணி. நாற்பது வயது, எப்போதும் சட்டைப்பையில் மிட்டாய் வைத்திருப்பவர். பிப்ரவரியில் ஒரு நாள், அனந்தலக்ஷ்மி உள்ளே படங்களை அடுக்கிக்கொண்டிருக்க, அவர் வெளியே வந்து கேட்டார்.

"பிள்ளைங்ககிட்ட என்ன சொல்லியிருக்கீங்க சார்?"

"மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள சரியாயிடும்னு."

அருள்மணி மிட்டாயைப் பிரிக்கப் போனவர் நிறுத்தினார். "அந்தத் தேதியை யாரு கொடுத்தது? நான் கொடுக்கலியே!"

"ஆறு மாசம்னு டாக்டர்..."

"ஆறு மாசத்துல முன்னேற்றம் தெரியும்னு சொல்லியிருப்பார். முடிஞ்சிடும்னு எவனும் சொல்லமாட்டான் சார். இன்னும் வருஷக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா மாறிட்டு இருப்பாங்க. ஆனா முன்னே இருந்த அதே ஆளு..." அவர் தலையை ஆட்டினார். "எதிர்பார்க்காதீங்க. கால் ஒடிஞ்சா மாவுக்கட்டு தெரியுது, பிள்ளைங்க ஒதுங்கி நடக்குது. இது உள்ள பட்ட அடி. அம்மா வேணும்னேதான் கத்தறா, வேணும்னேதான் பிடிக்காதுங்கறானு அதுங்க நினைச்சுக்கும். இல்ல, நாமதான் ஏதோ பண்ணிட்டோம்னு நினைச்சுக்கும். சொல்லிருங்க சார். சின்ன வார்த்தையா, நேரா. சீக்கிரம்."

அன்று வீடு திரும்பும்போது மெட்ரோவில் மனைவி தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். பெட்டி நிறைய ஜனம். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். செத்துப்போனவர்களுக்குப் பதின்மூன்று நாள் இருக்கிறது. வாத்தியார் வருகிறார், மனிதர்கள் வருகிறார்கள், அழுவதற்கு ஒரு முறை இருக்கிறது. தோளில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறவளை எந்த முறையில் அழுவது? அவள் காதில் விழாமல் எங்கே போய் அழுவது?

அவர் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினார். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு எழுதினார். இருவருக்கும் தமிழ் படிக்க வராது. ஆகவே ஆங்கிலத்தில் எழுதினார். பொருள், பின்னணி, தற்போதைய நிலை என்று தலைப்புகள். தற்போதைய நிலைக்குக் கீழே அ, ஆ, இ என்பதுபோல உட்பிரிவுகள். இரண்டு பக்கம். அனிருத்தைக் கூப்பிட்டு, "நீ பெரியவன். பாத்துட்டு சொல்லு" என்று கொடுத்தார்.

பையன் படித்தான். பேனாவை எடுத்தான். ஓரத்தில் இரண்டே வார்த்தை எழுதித் திருப்பிக் கொடுத்தான். 'ப்ளீஸ் ஸ்பீக்.'

மேலதிகாரிகள் ஃபைலில் எழுதித் திருப்புகிற வார்த்தை. நேரில் வந்து பேசு என்று பொருள். எத்தனையோ தடவை வீட்டுக்குக் கொண்டுவந்த ஃபைல்களில் பையன் அதைப் பார்த்திருக்கிறான்.

"என்னடா கிண்டலா?"

"கிண்டல் இல்லைப்பா. அரே, அவ எட்டு வயசுப் பொண்ணு. அவளுக்கு மெமோ குடுக்கறே. நீ வாயைத் திறந்து பேசு." பையனின் குரல் உடைந்தது. "அக்டோபர்ல உங்கிட்ட ஒரு ஃபைல் கவர் வேணும்னு வாங்கிண்டாளே, அதுல என்ன வெச்சிருக்கான்னு பாத்தியா?"

பார்த்தார். குழந்தை தூங்கிய பிறகு, அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தார். பழுப்பு அட்டை, பச்சை நாடா, எல்லாம் அவர் கற்றுக்கொடுத்த முறைப்படி. மேலே ஆங்கிலத்தில் பென்சிலால்: அம்மாவுக்கு, அடைப்புக்குறிக்குள் 'பழைய'. உள்ளே இத்தனை மாதத்துப் பரீட்சைத் தாள்கள், படங்கள், பஞ்சில் பொதிந்த ஒரு பால் பல், விளையாட்டு விழாவில் வாங்கிய சான்றிதழ். இந்த வீட்டிலேயே நடமாடிக்கொண்டிருந்த அம்மாவிடம் இவற்றில் ஒன்றைக்கூடக் குழந்தை காட்டவில்லை. எல்லாவற்றையும் வரப்போகிற அம்மாவுக்காகச் சேர்த்து வைத்திருந்தாள்.

ராமசுப்ரமணியன் அந்த ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார். இனி நாளைக் கடத்தினால் இந்தக் குழந்தைக்கு எந்த அம்மாவும் இல்லாமல் போய்விடும் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

உறைத்தும் என்ன? நாளைக்கு, நாளைக்கு என்று மார்ச் ஓடியது. பரீட்சை முடியட்டும் என்றார். முடிந்தது. ரிசல்ட் வரட்டும் என்றார். வந்தது. ஒவ்வொரு முறையும் குழந்தை எதிரில் போய் உட்கார்ந்து, வேறு எதையாவது பேசிவிட்டு எழுந்துவிட்டார். மற்றவர்களிடம் தேதி கேட்டு மிரட்டியவர், தன் தேதியிடமிருந்து ஓடி ஒளிந்தார்.

மார்ச் முப்பத்தொன்று விடிந்தது.

ஆறரை மணிக்கு அவர் ஹாலுக்கு வந்தபோது, அம்மாவின் அறைக் கதவுக்கு எதிரே தரையில் ஸ்ம்ருதி உட்கார்ந்திருந்தாள். குளித்து, மஞ்சள் ஃபிராக் போட்டுக்கொண்டு, தானே பின்னிய கோணல் பின்னலோடு. மடியில் ஃபைல். டியூப் லைட் வெளிச்சத்தில் அவள் முகம் பளபளவென்று இருந்தது.

"கண்ணா..." அவர் எதிரே குந்தினார். "இதோ பாரு... அம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் டயம் வேண்டியிருக்கு. ஒரு மூணு மாசம் எக்ஸ்டென்ஷன். ஜூன் முப்பது..."

"அப்பா!" அனிருத் பின்னால் நின்றுகொண்டிருந்தான். "எக்ஸ்டென்ஷன் போடாதே. ப்ளீஸ்."

ஸ்ம்ருதி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் உதடு துடிக்கத் தொடங்கியபோது கதவு திறந்தது.

"ஏன் எல்லாரும் இங்கே நிக்கறேள்? விளக்கை அணைங்கோ. கண் கூசறது."

அனிருத் விளக்கை அணைத்தான். பால்கனிப் பக்கத்திலிருந்து மெல்லிய வெளிச்சம் மட்டும் வந்தது. ஸ்ம்ருதி எழுந்து நின்று அம்மாவின் முகத்தையே உற்றுப் பார்த்தாள். ரயிலிலிருந்து இறங்குகிறவர்களில் தன்னுடைய ஆளைத் தேடுவதுபோல.

"அம்மா, நீ வந்துட்டியா?"

"எங்கேர்ந்து?"

"இன்னிக்கு முப்பத்தொண்ணு. பழைய அம்மா இன்னிக்கு வந்துடுவான்னு அப்பா சத்தியம் பண்ணினா."

அனந்தலக்ஷ்மி கணவனைப் பார்த்தாள். "பொய் சொல்லியிருக்கேள்" என்றாள். கோபம் இல்லை. பால் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரல்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து கையை நீட்டினாள். "என்ன ஃபைல் அது? குடு."

குழந்தை தயங்கினாள். பிறகு கொடுத்தாள். ஒருவேளை, ஒருவேளை பார்த்தால் நினைவு வருமோ என்ற நப்பாசை அந்த முகத்தில் தெரிந்தது.

முதல் தாள் கணக்குப் பரீட்சை. "பத்தொம்பது. ஒரு மார்க் எங்கே போச்சு?" பிறகு பஞ்சுப் பொட்டலம். "பல்லா? இதை எதுக்கு வெச்சிருக்கே? அழுக்கு." பிறகு ஒரு படம். பதினோராவது மாடி பால்கனி, அதில் சிரித்துக்கொண்டு நிற்கும் ஓர் அம்மா. அனந்தலக்ஷ்மி அதை நெடுநேரம் பார்த்தாள்.

"நன்னாவே இல்லை. கையெல்லாம் குச்சி மாதிரி இருக்கு."

ஆறு மாதமாக அடக்கி வைத்திருந்தது வெடித்தது. "பழைய அம்மாவா இருந்தா சூப்பர்னு சொல்லியிருப்பா!"

"அவ பொய் சொல்லியிருப்பா."

அனிருத்துக்குத் தன்னை மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டான். பொத்திய கைக்கு மேலே கண்ணில் தண்ணீர் நின்றது.

"அவ வரவே மாட்டாளா?" என்றாள் ஸ்ம்ருதி.

சொல்லிவிடாதே அனந்து, என்று ராமசுப்ரமணியன் மனத்துக்குள் கதறினார்.

"வரமாட்டா" என்றாள் அனந்தலக்ஷ்மி. "நான்தான் இருக்கேன். எல்லாரும் அவளையே தேடறேள். நானும்தான் தேடறேன். எனக்கும் அவளைப் பிடிக்கும். தேடித் தேடித் தலை வலிக்கறது."

குழந்தை ஓவென்று அழுதாள். அனந்தலக்ஷ்மி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "சத்தம், சத்தம்" என்று முனகினாள். அதைப் பார்த்த ஸ்ம்ருதி விம்மிக்கொண்டே எழுந்து ஓடப் பார்த்தாள். ஒரு கை காதிலிருந்து விலகி, ஃபிராக்கின் நுனியைப் பிடித்தது.

"போகாதே. மெதுவா அழு. இங்கேயே அழு."

அப்போதுதான் ராமசுப்ரமணியனுக்கு நாக்கு வந்தது. அவரும் தரையில் உட்கார்ந்தார். பொருள் இல்லை, பின்னணி இல்லை. வந்த வார்த்தையைச் சொன்னார். அம்மாவுக்கு அடிபட்டது தலைக்கு உள்ளே. வெளியில் காயம் ஆறிவிட்டது, உள்ளே முழுக்க ஆறவில்லை. மனத்தில் வந்ததைச் சொல்லாமல் நிறுத்திக்கொள்கிற இடத்தில்தான் அடி. அதனால்தான் அல்வா திகட்டியது என்று சொல்லிவிட்டாள். சத்தம் கேட்டால் அவளுக்கு நிஜமாகவே வலிக்கிறது. உங்களைப் பிடிக்காமல் இல்லை. தேதி டாக்டர் சொன்னது இல்லை, அப்பாவாகச் சொன்னது. அப்பா பயந்துபோய்ச் சொன்னது.

மேஜையில் போன் அடித்தது. நிதி வருஷத்தின் கடைசி நாள், ஆபீஸ் அண்டர் செக்ரட்டரி. அவர் அதைக் கவிழ்த்து வைத்தார்.

ஸ்ம்ருதி அழுகையை விழுங்கிக்கொண்டு, கேட்டும் கேட்காத குரலில் சொன்னாள்: "நான்தான் அன்னிக்கு வாழைக்கா சிப்ஸ் கேட்டேன். அதுக்குத்தானே அம்மா மார்க்கெட் போனா?"

அப்பாவும் மகனும் திகைத்துப் பார்த்துக்கொண்டார்கள். ஆறு மாதம்! இந்தச் சின்ன நெஞ்சு இதையா சுமந்துகொண்டு பதினொரு மாடி ஏறியது?

"ஐயோ இல்லைடி என் தங்கமே! உன்னால இல்லை. சத்தியமா இல்லை."

குழந்தை அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையின் பொருள் அவருக்குப் புரிந்தது. முப்பத்தொன்றுக்கும் அவர் சத்தியம்தான் பண்ணியிருந்தார். அவள் அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லு. என்னாலயா?"

அனந்தலக்ஷ்மி யோசித்தாள். "எனக்கு அன்னிக்கு நடந்தது ஒண்ணுமே ஞாபகம் இல்லை. ஆனா தப்புப் பக்கமா வண்டி ஓட்டிண்டு வந்தவன் அந்த பைக்குக்காரத் தடியன். சிப்ஸா வந்து என்னை இடிச்சுது?"

"இல்லை."

"அப்புறம்? அசடு."

ஸ்ம்ருதியின் தோள் தளர்ந்தது. படம் நன்றாக இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னவள் சொல்கிறாள். இதையும் நம்பலாம். அவள் மூக்கை ஃபிராக்கில் துடைத்துக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் ஒட்டாமல், ஆனால் விலகாமல் உட்கார்ந்தாள். ஃபைலிலிருந்து அடுத்த தாளை எடுத்தாள்.

"இது இங்கிலீஷ் டிக்டேஷன்."

"போதும். தூக்கம் வரது. மீதி நாளைக்கு."

"நாளைக்கு நீ மறந்துடுவே."

"மறந்துடுவேன். நீ சொல்லு."

அனந்தலக்ஷ்மி அங்கேயே, வெறும் தரையில், கையைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டாள். இரண்டு நிமிஷத்தில் தூங்கிப்போனாள். அனிருத் ஒரு தலையணை கொண்டுவந்து வைத்தான். ஸ்ம்ருதி மிச்சத் தாள்களைப் புரட்டிப் பார்த்தாள். அறுபதுக்கு மேல் இருந்தன.

"அப்பா," என்று கிசுகிசுத்தாள். "ஒரு நாளைக்கு மூணுன்னா, எல்லாத்தையும் அம்மாகிட்ட காட்ட எத்தனை நாள் ஆகும்?"

ராமசுப்ரமணியனின் விரல்கள் வழக்கம்போல மடங்கத் தொடங்கின. தூங்குகிற முகத்தைப் பார்த்தார். ஒரு நாள் மூன்று தாள் தாங்குவாள். ஒரு நாள் ஒன்றுகூடத் தாங்கமாட்டாள்.

"தெரியாதுடி கண்ணா."

குழந்தை ஒரு கணம் அந்தப் பதிலை எடைபோட்டாள். பிறகு, "அச்சா" என்று தலையாட்டிவிட்டு, சத்தம் வராமல் நாடாவைக் கட்டினாள். அம்மா எழுந்திருக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.